உட்காராத மஞ்சள் வரிசை

எங்கள் கல்லூரியின் கோல்டன்ராட் சங்கத்துக்கு நூறு வயது ஆகப்போகிறதாம். அதற்கு ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், நல்ல படங்கள், எல்லாம் சரிதான். நடுப்பக்கத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப் கட்டிய பெண்கள் ஃபுட்பால் மைதானத்தில் கைகோத்து நிற்கிற படம். அதன் கீழே எழுதியிருக்கிறார்கள்: "ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எங்கள் உறுப்பினர்கள் கைகோத்து நிற்பது பெண்களின் ஒற்றுமைக்கு அடையாளம்."

ஒற்றுமையாம், மண்ணாங்கட்டி. அந்த வழக்கம் ஆரம்பித்த வருஷம் எங்களுக்குள் ஒற்றுமை இருந்ததா என்று என்னைக் கேளுங்கள். தன் இஸ்திரிப் பெட்டியை இன்னொருத்தி கேட்காமல் எடுத்துவிட்டாள் என்று வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத கூட்டம் அது. நாங்கள் கைகோத்ததற்குக் காரணம் லியோட்டா க்ராடோக்வில் என்கிற ஒரு பிடிவாதக்காரியின் கால். அவளோடு ஒரே அறையில் இருந்தவள் நான். இதை எழுதட்டுமா என்று போன வாரம் அவளிடமே போனில் கேட்டேன்.

"எழுது. ஆனா படிக்கிறவங்க மூக்கைச் சிந்தற மாதிரி எழுதி வைக்காதே ஆர்லிஸ். உனக்கு அந்தப் பழக்கம் உண்டு" என்றாள்.

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இருந்தாலும் எண்பது தாண்டியவளோடு என்ன சண்டை என்று விட்டுவிட்டேன்.

சங்கத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். எங்கள் கல்லூரி நெப்ராஸ்காவில், சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆட்டம் நடந்தால் ஆண்பிள்ளைகளின் உற்சாகச் சங்கம் மைதானத்தின் நல்ல பலகைகளையெல்லாம் பிடித்துக்கொள்ளும். கத்துவதற்குப் பெண்களுக்குத் தொண்டை கிடையாது என்று அவர்களுடைய நினைப்பு. ஒரு வருஷம் விடுதிப் பெண்கள் சிலர் வரவேற்பறையின் பழைய மஞ்சள் திரைச்சீலையை வெட்டிக் கழுத்தில் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். உட்கார இடம் தரவில்லை. நின்றார்கள். ஆட்டம் முடிகிறவரை நின்று, ஆண்பிள்ளைகளின் சத்தம் அமுங்கிப் போகிற அளவுக்குக் கத்தினார்கள். அடுத்த வருஷம் கல்லூரி மனமிரங்கிப் பலகை போட்டுக் கொடுத்தது. போய்யா நீயும் உன் பலகையும் என்று சொல்லிவிட்டார்கள். இறுதி விசில் வரை கோல்டன்ராட் பெண் உட்காரமாட்டாள், உட்கார்ந்தால் ஸ்கார்ஃபைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் விதி. சாலையோரத்தில் யாரும் தண்ணீர் விடாமல் வளர்கிற கோல்டன்ராட் என்கிற மஞ்சள் பூவின் பேரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

கத்துவது பாதி, வேலை பாதி. ஆஸ்பத்திரிக்குப் புத்தகம் கொண்டுபோவது, கச்சேரிக்கு வருகிறவர்களை உட்காரவைப்பது, பனிப்புயலில் மாட்டிக்கொண்ட வீடுகளுக்கு சூப் கொண்டுபோவது, எல்லாம் மஞ்சள் ஸ்கார்ஃப்தான். ஊரில் ஒரு காரியம் நடக்கவில்லை என்றால், "மஞ்சள் பொண்ணுங்களைக் கூப்பிடு" என்பார்கள்.

லியோட்டா அந்தச் சங்கத்தின் கண்ணில் பட்டது ஊசி போட்ட அன்று. போலியோவுக்குத் தடுப்பூசி அப்போதுதான் வந்திருந்தது. பள்ளிக்கூட ஜிம்மில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டார்கள். அழுகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள கோல்டன்ராட் பெண்களுக்குக் கை போதவில்லை, விடுதியில் வந்து ஆள் கேட்டார்கள். நானும் லியோட்டாவும் போனோம். லியோட்டாவுக்குச் சின்ன வயதில், இந்த ஊசி வருவதற்குப் பல வருஷம் முன்னால், போலியோ வந்து வலது கால் சூம்பிப் போயிருந்தது. தொடையிலிருந்து ஷூ வரை காலிப்பர் போட்டிருப்பாள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் வார்கள், முழங்காலில் ஒரு பூட்டு. பூட்டைப் போட்டால் கால் விறைப்பாக நிற்கும், எடுத்தால் மடங்கும்.

ஜிம் வாசலில் நாற்காலி போட்டு, பாவாடையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதுகொண்டு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் விரலால் காலிப்பரைத் தட்டிக் காட்டினாள்.

"ஊசி வேண்டாமா கண்ணு? அப்ப இது வேணுமா? நீயே சொல்லு, ரெண்டுல எது வேணும்?"

ஒரு பிள்ளைகூடக் காலிப்பரைக் கேட்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார்கள். ஒரு தாய்க்கு மட்டும் கோபம் வந்து, "சின்னப் பிள்ளைய இப்படியா பயமுறுத்துவ?" என்று கேட்டாள். "நான் பயமுறுத்தாம வேற யாரு பயமுறுத்தறது?" என்றாள் லியோட்டா. சங்கத்தின் தலைவி மாக்சின் ஆஸ்டர்கார்ட் இதையெல்லாம் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாக்சினைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுக்கு இரண்டு வருஷம் மூத்தவள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. செருப்புக் கடித்தது என்று ஆட்டத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்ட டார்லீன் என்ற பெண்ணிடமிருந்து, அவள் அழ அழ, அங்கேயே ஸ்கார்ஃபைக் கழற்றி வாங்கினவள். அவள் வருகிற சத்தம் கேட்டாலே விடுதியில் பாதிப் பேர் முதுகை நிமிர்த்திக்கொள்வோம்.

புது உறுப்பினர்களை எடுக்கிற வசந்த காலத்தில் ஒருநாள் சாயங்காலம் எங்கள் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"லியோட்டா, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. உன்னை எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா நாங்க நிப்போம். உனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டுடலாம்னு சிலர் சொல்றாங்க. நீ என்ன சொல்ற?"

லியோட்டா சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாற்காலி போட்டா நான் வரல. ஒப்புக்குச் சப்பாணியா என்னைச் சேத்துக்க வேண்டாம். சின்ன வயசுலேர்ந்து அதுதான் எனக்கு நடந்திட்டிருக்கு, பள்ளிக்கூடத்துல, சர்ச்சுல, சொந்தக்காரங்க வீட்டுல. போதும். எடுத்தா எல்லாரையும் போல எடுங்க."

"ஆட்டம் முழுக்க நிக்கணும்."

"நிப்பேன்."

"உக்காந்துட்டா?"

"உங்களைக் கழட்ட வைக்க மாட்டேன். நானே கழட்டி உங்க கையில குடுப்பேன்."

மாக்சின் கதவுப் பக்கம் திரும்பினாள். "சொன்னது சொன்னதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலை, சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் பான்கேக் தின்றுகொண்டிருந்தபோது மஞ்சள் பெண்கள் பாடிக்கொண்டே உள்ளே வந்தார்கள். எடுக்கிறவர்களுக்குப் பின்னால் வந்து, சொல்லாமல் கழுத்தில் ஸ்கார்ஃபைக் கட்டிவிடுவது வழக்கம். எனக்கு யாரோ கட்டினார்கள். லியோட்டாவுக்கு மாக்சினே கட்டினாள். கன்னத்தில் ஒட்டிய பான்கேக் பாகோடு லியோட்டா சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அவளுக்கு அதற்கு முன்னால் எந்தக் கூட்டத்திலும் சரியான இடம் கிடைத்ததில்லை. கிடைத்த அந்த ஒன்றை விடுவதாக இல்லை.

கோடை விடுமுறை முழுக்க அவள் தன் அப்பாவின் பண்ணையில் நிற்கப் பழகினாள். ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் தொடங்கினால் அவளும் எழுந்து நின்றுவிடுவாள், முடிந்தால்தான் உட்காருவாள். தக்காளி வேகவைத்து ஜாடியில் அடைக்கிற வேலையெல்லாம் நின்றுகொண்டே. "குதிரைதான்டி நின்னுக்கிட்டே தூங்கும். உன்னைக் குதிரைக்கா பெத்தேன்?" என்று அவள் அம்மா கேட்பாளாம். இலையுதிர் காலத்தில் கல்லூரி திறந்தது. முதல் இரண்டு ஆட்டங்களும் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனாலும் நின்றாள். அறைக்கு வந்து காலிப்பரைக் கழற்றினால் வார் பட்ட இடமெல்லாம் கன்றிச் சிவந்திருக்கும். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் முறைப்பாள்.

அதற்குப் பிறகு வந்தது பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிற ஆட்டம். அக்டோபர். குளிர வேண்டிய மாதம், ஆனால் அன்றைக்கு நல்ல வெயில். கம்பளி ஸ்வெட்டருக்குள் எங்களுக்கு அரித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி எங்கள் பையன்களைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்களே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் மட்டும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தோம். மாக்சின் எங்களுக்கு எதிரே, கீழே நின்று கையசைத்துக் கத்தவைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பகுதி ஆரம்பித்த நேரம். என் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. லியோட்டாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"பூட்டு உடைஞ்சுபோச்சு" என்றாள் வாயசைக்காமல்.

குனிந்து பார்த்தேன். முழங்கால் பூட்டின் திருகு தெறித்துப் போயிருந்தது. அந்தக் காலில் துளி பாரம் வைத்தாலும் மடங்கிவிடும். முழு உடம்பும் இடது கால்மேல் நின்றது. அந்தத் தொடை நடுங்குவது அவள் பாவாடைக்கு வெளியே தெரிந்தது.

"உக்காருடி. பூட்டு உடைஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"டார்லீனுக்கும் செருப்புதான் கடிச்சுது."

"லியோட்டா, விழுந்துடப் போற."

"விழுந்தா விழறேன். உக்கார மாட்டேன். என்னைப் பிடிக்காதே, எல்லாரும் பாக்கறாங்க."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிடித்தால் அவளை எல்லோர் எதிரிலும் நொண்டியாக்கியது போல ஆகும். பிடிக்காவிட்டால் விழுவாள். அவள் கை மெல்லக் கழுத்துக்குப் போனதைப் பார்த்தேன். ஸ்கார்ஃபின் முடிச்சைத் தொட்டாள். உட்காருவதற்கு முன்னால் கழற்றிவிடத் தீர்மானித்துவிட்டாள் என்று புரிந்தது.

கீழேயிருந்து மாக்சின் பார்த்துவிட்டாள். கத்துவதை நிறுத்திவிட்டுப் பலகைகளைத் தாண்டி நேரே மேலே ஏறி வந்தாள். தொலைந்தது என்று நினைத்தேன். வந்தவள் லியோட்டாவின் முகத்தையோ காலையோ பார்க்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணை நகரச் சொல்லி இடம் பிடித்து, தன் கையை லியோட்டாவின் கைக்குள் நுழைத்து இறுக்கிக்கொண்டாள்.

"குளிருது" என்றாள். "எல்லாரும் கையைக் கோத்துக்கோங்க. வரிசை முழுக்க."

கோடியில் நின்ற ஒருத்தி, "குளிரா? எனக்கு வேர்த்து ஊத்துது மாக்சின்" என்றாள்.

"உன்னை வேர்க்குதான்னு கேட்டேனா? கோத்துக்கன்னா கோத்துக்க."

கோத்துக்கொண்டோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாக்சின். லியோட்டாவின் பாரம் எங்கள் தோளில் இறங்கியது. எங்கள் பாரத்தை அடுத்தவள் தாங்கினாள், அவளை அதற்கடுத்தவள். மஞ்சள் வரிசை முழுதும் ஒரே ஆளைப் போல நின்றது. வெயிலில், வேர்வை வழிய, இறுதி விசில் வரை. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அழகாக இருக்கிறதே என்று படம்கூட எடுத்தார்கள்.

விசில் ஊதியதும் லியோட்டா பலகையில் விழுந்தாற்போல உட்கார்ந்தாள். மற்றவர்கள் போனபிறகு ஸ்கார்ஃபைக் கழற்றி மாக்சினிடம் நீட்டினாள். அவள் கண்ணில் நீர் நின்றது, கோபமும் நின்றது.

"நான் நிக்கல. நீங்க நிறுத்தினீங்க. வாங்கிக்கோங்க."

"நீ உக்காந்தியா?"

"இல்ல."

"விசிலுக்கு முன்னாடி உன் பின்பக்கம் பலகையில பட்டுதா?"

"படல."

"அப்புறம் எதுக்கு இதை எங்கிட்ட நீட்டற? விதியில என்ன எழுதியிருக்கோ அதுதான். எனக்குக் குளிருச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். கல்லூரிப் பண்ணைப் பட்டறையில் ஒரு பையன் புதுத் திருகு போட்டுப் பூட்டைச் சரிசெய்து கொடுத்தான், முன்னைவிட உறுதியாக. அடுத்த ஆட்டத்தில் கடைசிப் பகுதி வந்தது. மாக்சின் மறுபடி மேலே ஏறி வந்தாள். "குளிருது, கையைக் கோத்துக்கோங்க" என்றாள்.

லியோட்டா அவள் காதருகில் சீறினாள். "என் பூட்டு நல்லா இருக்கு."

"உன் பூட்டைப் பத்தி யாரு கேட்டா? எனக்குக் குளிருது."

அந்த வருஷம் மாக்சினுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசிப் பகுதியில் குளிர் வந்தது. அவள் படித்து முடித்துப் போனபிறகும் நாங்கள் கோத்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் செய்திருந்தால் அது லியோட்டாவுக்குச் செய்த உதவி என்று எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். எப்போதும் செய்ததால் அது சங்கத்தின் வழக்கம் ஆகிவிட்டது. மாக்சின் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. யோசித்திருப்பாள், அவள் கழுத்துக்கு மேலே இருந்தது வெறும் தலையில்லை.

பூட்டு உடைந்து ஒரு வாரம் கழித்து, அந்த அடுத்த ஆட்டத்தன்றுதான் லியோட்டாவுக்கு அது புரிந்தது. மைதானத்திலிருந்து திரும்பும்போது நடுவழியில் நின்று சொன்னாள்.

"என்னைக் காப்பாத்தினதே யாருக்கும் தெரியாதபடி காப்பாத்திட்டா ஆர்லிஸ். இதுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

"சொல்லிப் பாரு, கடிச்சுக் குதறிடுவா."

அதுதான் நடந்தது, லியோட்டா வாயைத் திறந்தபோதெல்லாம் மாக்சின் அடைத்துவிட்டாள். லியோட்டா படிப்பு முடித்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஸ்விட்ச்போர்டு வேலைக்குப் போனாள். தானியக் கிடங்கில் வேலை பார்த்த எமில் என்ற சாது மனிதனைக் கட்டிக்கொண்டாள். ஒரு மகன், ஒரு மகள். கையாலேயே பிரேக் போடுகிற மாதிரி கார் ஒன்றைத் தயார் செய்துகொண்டு ஊரெல்லாம் சுற்றினாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்து அறையில் வருஷா வருஷம் ரத்ததான முகாம் நடத்தினாள். ரத்தம் கொடுக்கத் தயங்கினவர்களை அவள் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. இடையில், உற்சாகச் சங்கமெல்லாம் பட்டிக்காட்டுத்தனம் என்று பெண்கள் ஒதுங்கிய வருஷங்கள் வந்தன. ஆண்பிள்ளைகள் ஆட, நாங்கள் ஏன் கத்த வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சங்கத்தை மூடிவிடலாமா என்று பேச்சு வந்த கூட்டத்தில் லியோட்டா எழுந்தாள்.

"பொண்ணுங்களுக்கு வாலிபால் டீம் வந்திருக்கே, அங்க போய் யாராவது நின்னீங்களா? நமக்கு முன்னாடி இருந்தவங்க திரைச்சீலையை வெட்டிக் கட்டினது பையன்களுக்காக இல்லம்மா. பொண்ணுங்களுக்கு இடம் இல்லைன்னு சொன்னதுக்காக."

நாங்கள் போன முதல் வாலிபால் ஆட்டத்தைப் பார்க்க வந்தது ஆடுகிறவர்களின் பெற்றோரும் நாங்கள் இருவரும்தான். நின்றோம். அடுத்ததற்குச் சில மாணவிகள் வந்தார்கள். சங்கம் பிழைத்தது. இன்று அவர்கள் நூறாவது வருஷ மலர் போடுகிறார்கள் என்றால், போடட்டும், எனக்கும் சந்தோஷம்தான்.

மாக்சின் மேற்கே ஒரு ஊரில் கணக்கு டீச்சராக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய மாணவர் ஆட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருவாள். லியோட்டா அவளுக்கென்று கசகசா வைத்த கோலாச்சே பன் ஒரு டப்பா நிறையச் சுட்டுக் கொண்டுவருவாள். மாக்சின் அதை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டு, சர்க்கரை கூடிப்போச்சு என்பாள்.

"மாக்சின், அன்னிக்கு நீ..." என்று லியோட்டா ஆரம்பிப்பாள்.

"என்னிக்கு? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. காப்பி இருக்கா?"

அறுபது வருஷம் இப்படியே போனது. நன்றி என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே செத்துப்போய்விடுவோமோ என்று லியோட்டாவுக்கு ஒரு பயம் இருந்தது. என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்று வருஷம் முன்பு பழைய மாணவர் ஆட்டம் செப்டம்பரில் வந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், பலகை தொட்டால் சுட்டது. கடைசிப் பகுதிக்குப் பழைய கோல்டன்ராட் பெண்களை முன்வரிசைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம். மாக்சினுக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு குறைந்து, ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் தம்பி மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, உக்காந்துக்கிட்டே பாருங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

மாக்சின் அவளைப் பார்த்த பார்வையில் பழைய மாக்சின் இருந்தாள். நாற்காலியோடு கொண்டுவந்திருந்த வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். கழுத்தில் அதே மஞ்சள் ஸ்கார்ஃப், வெளுத்துப் போனது. கொஞ்ச நேரம்தான். முழங்கால் ஆட ஆரம்பித்தது. சங்கத்தின் இப்போதைய தலைவி, நல்ல பெண், ஓடி வந்து நாற்காலியை அவளுக்குப் பின்னால் ஒட்டி நகர்த்தினாள். "உக்காருங்க மேடம், பரவாயில்ல."

மாக்சின் உட்காரவில்லை. ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். ஸ்கார்ஃபின் முடிச்சைத் தேடினாள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று அந்த மைதானத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது.

லியோட்டா கைத்தடியை என்னிடம் தள்ளினாள். காலிப்பர் பலகையில் இடிக்க இடிக்க, என்னையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய் மாக்சினின் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தையோ காலையோ பார்க்கவில்லை. முடிச்சைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

"குளிருது" என்றாள். "எல்லாரும் கையைக் கோத்துக்கோங்க."

தலைவிப் பெண் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வெயில்லயா?" என்றாள்.

"குளிருதுன்னா குளிருது. கோத்துக்க" என்றேன் நான். மாக்சினின் அந்தப் பக்கம் போய் நானும் கோத்துக்கொண்டேன். எனக்குக் கண்ணெல்லாம் மறைத்தது, ஒத்துக்கொள்கிறேன். பின்னால் நின்ற சின்னப் பெண்கள் வரிசை வரிசையாகக் கைகோத்தார்கள்.

மாக்சின் மெல்லத் தலையைத் திருப்பி லியோட்டாவைப் பார்த்தாள். லியோட்டாவின் மூக்கு நுனியில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. மாக்சினுக்கு வார்த்தை வர நேரமாகும். நாங்கள் காத்திருந்தோம்.

"ஆமா" என்றாள். "அன்னிக்கு... மாதிரியே."

அந்த ஆட்டத்திலும் எங்கள் பையன்கள் தோற்றார்கள். விசில் ஊதும்வரை நாங்கள் யாரும் உட்காரவில்லை.